மேற்குச் சுவரில் ஒரு மாடம்

கோபம் திரும்பி வந்த பிறகுதான் அலுவலகத்தில் காற்று நின்றுபோயிருப்பது கயல்விழிக்கு உறைத்தது.

சித்திரை பாதி கடந்திருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவன் தங்கராசு, "மோர் இருக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் மோர் தளும்பி அவன் செய்தித்தாளில் விழுந்தது. அவன் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பழைய ஆபீஸ்காரி வந்துட்டாபோல இருக்கு. நல்லவேள, புது ஆபீஸ்காரிய மூணு மாசமாச்சும் பாத்தேன்."

சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று படுத்த பிறகும் அந்த வார்த்தையையே புரட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஆபீஸ்காரி யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது பழைய அலுவலகம். மருத்துவமனைகள் காப்பீட்டுக்கு அனுப்பும் பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை. ஏசி குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காலையில் ஏறினால் ட்யூப்லைட்தான் சூரியன். மழை பெய்ததை, இறங்கும்போது படிக்கட்டில் கிடக்கும் ஈரச் செருப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஐந்து மணிக்குத் தெருவில் கால் வைத்ததும் முகத்தில் அடிக்கும் வெளிச்சத்தின் மீதே அவளுக்கு ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு பஸ் பிடித்து, அதை வீடுவரை கொண்டுபோய், யார் முதலில் எதிரே வருகிறார்களோ அவர்கள்மேல் இறக்கிவைப்பாள். அவள் சுபாவமே அப்படி என்று வீட்டில் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தை மாதம் புதுக் கட்டடத்துக்கு மாறினார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில், புதுச்சத்திரம் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது அது. பூசாத செங்கல் சுவர். கிழக்கே கடலைப் பார்த்து வரிசையாகத் தாழ்வான ஜன்னல்கள். நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம். அதில் ஒரு இளம் புன்னை. கூடம் கோயில் மண்டபம்போல உயரம். பகலில் விளக்கு போட வேண்டியதில்லை. கணினிகள் இருக்கும் சின்ன அறையைத் தவிர எங்கும் ஏசி கிடையாது.

முதல் வாரம் எல்லோரும் சந்தேகமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சின்னச் சின்னதாக என்னவெல்லாமோ நடந்தது. தலைவலி மாத்திரை வைத்திருந்த டப்பாவில் கயல்விழி ஊக்குகளைப் போட்டுவைத்தாள். மத்தியானம் கடற்காற்று ஏறும்போது புன்னை இலைகள் புரண்டு வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து மணி சொல்லப் பழகினாள். நாத்தனாரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த ஒரு கேள்வி, எதிரில் அவள் வந்து உட்கார்ந்த நாளில் ஞாபகத்துக்கே வரவில்லை. என் சுபாவம் என்று நினைத்தது என் சுபாவமே இல்லையோ, வெறும் அறைதானோ என்று ஒரு நாள் பஸ்ஸில் தோன்றியபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு கட்டடத்திடமிருந்து தன்னைத் தெரிந்துகொள்வதை யாரிடம் சொல்வது?

இப்போது அந்தக் கட்டடம்தான் கைவிட்டுக்கொண்டிருந்தது. பங்குனிக் கடைசியிலிருந்தே கூடத்தில் புழுக்கம். ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன, வெளியே சவுக்கு ஆடத்தான் செய்தது, ஆனால் காற்று உள்ளே வரமாட்டேன் என்றது. பில் அட்டையை விசிறியாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

"ஆர்க்கிடெக்ட் மேடம் இயற்கை இயற்கைன்னாங்க. இயற்கைக்கு லீவு விட்டுட்டாங்கபோல," என்றான் பாலகுமார். கூடத்தின் மேற்கு ஓரத்தில் உட்காரும் சூப்பர்வைசர் அவன்; வெக்கை அவனுக்குத்தான் முதலில். "அக்கா, நான் நாளையிலேருந்து பனியனோட வரட்டா?"

"வா. ஜெயப்பிரகாஷ் சார் பக்கத்துல உக்கார வைக்கிறேன்."

"அவரே பனியனுக்கு வர்ற நாளு ரொம்ப தூரத்துல இல்லக்கா."

முதலாளி ஜெயப்பிரகாஷ் பனியனுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாரம் நிர்வாகம் பார்க்கும் கயல்விழியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஏசிக்காரர்கள் அளவெடுக்க வருகிறார்கள். கூடத்துக்குத் தாழ்வாகப் பொய்க்கூரை போடுவார்கள். ஜன்னல்களை அடைத்துவிடலாம். முற்றத்தின்மேல் மூடி போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் மேசைகள் கிடைக்கும்.

"முற்றத்தையா சார்?"

"குளிரு நிக்கணும்ல. ஆசைப்பட்டுத்தான் கட்டினேன் கயல். ஆனா பொண்ணுங்க மயக்கம் போட்டு வுழுந்தா நான்தான பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்து புன்னையைப் பார்த்தாள். அது போய்விடும். அதைவிட, தான் போய்விடுவோம் என்று பயமாக இருந்தது. மூன்று மாதம் தன்னுள் நடமாடிய ஒருத்தி, அவளுக்கே இன்னும் சரியாகப் பழக்கமாகாத ஒருத்தி, திங்கட்கிழமையிலிருந்து மூடப்படப் போகிறாள்.

யாரையும் கேட்காமல் ஜான்சிக்குப் போன் செய்தாள்.

கட்டடத்தை வடிவமைத்தவள் ஜான்சி. கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெண். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் இல்லை. கூடத்துக்குள் நுழைந்து மேற்குச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஜெயப்பிரகாஷின் அப்பா கலியமூர்த்தியின் படம் இருந்தது. ஆள் உயரத் தேக்குப் பலகை, அதில் பதித்த பெரிய வண்ணப்படம், சந்தன மாலை, சுற்றிலும் சின்ன விளக்குகள். பங்குனியில் அவருடைய முதல் வருஷத் திதி முடிந்ததும் மாட்டியது. ஜான்சி ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"பெரியவர நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். தங்கமான மனுஷன்," என்றாள். அப்புறம், "எனக்கு இன்னைக்கு ஒரு சேர் குடுப்பீங்களா? இருக்கறதுலயே புழுக்கம் ஜாஸ்தியான எடத்துல."

பாலகுமார் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்தே கொடுத்தான். "உக்காருங்க மேடம். சாயங்காலம் உங்களயே பில்லுல ஏத்தி அனுப்பிடுறோம்."

அவள் சிரித்தாள். ஆனால் நிஜமாகவே நாள் முழுக்க அங்கே உட்கார்ந்தாள். கயல்விழி தன் இடத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜான்சி எதையும் அளக்கவில்லை, யாரையும் கேள்வி கேட்கவில்லை. பழைய பில்கள் சிலவற்றை வாங்கி அவர்களோடு சேர்ந்து கூட்டிப் பார்த்தாள். மதியம் மற்றவர்களைப் போலவே அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியது. இரண்டு மணி சுமாருக்கு ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு, பக்கத்துப் பெண் திருத்தியபோது வெடுக்கென்று திரும்பினாள். உடனே, "சாரிம்மா, நான் இப்பிடிப் பேசமாட்டேன்," என்றாள். கயல்விழி கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தாள். தனக்குப் பல வருஷம் பிடித்தது ஜான்சிக்கு அரை நாளில் புரிந்துவிட்டது. தான் கட்டிய இடத்தின் குற்றத்தைத் தன் உடம்பில் வாங்கிப் பார்க்கிற ஒருத்தியை அவள் இதுவரை சந்தித்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன், வெள்ளிக்கிழமை வழக்கப்படி ராணியம்மாள் சாம்பிராணி போட்டாள். கூட்டிப் பெருக்கி, டீ போட்டு, எல்லோரையும் அதட்டி வைத்திருப்பவள் அவள். தூபக்காலை முற்றத்து ஓரத்தில் வைத்ததும் புகை எழுந்து, மெல்ல மேற்கே நகர்ந்து, கலியமூர்த்தி படத்துக்கு முன்னால் போய்த் தேங்கி நின்றது. போகவும் இல்லை, கலையவும் இல்லை. படத்தின் முகமே மங்கும்வரை நின்றது.

"பாருங்க ஆர்க்கிடெக்ட் அம்மா," என்றாள் ராணியம்மாள் பெருமையாக. "வாராவாரம் இப்பிடித்தான். நாம எங்க வச்சாலும் பொக நேரா ஐயாகிட்டதான் போவுது. அங்கயே நிக்குது. வாங்கிக்கிறாரு."

கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாலகுமார்கூடப் போட்டுக்கொண்டான். ஜான்சி மட்டும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பக்தியில்லை, சலிப்பும் இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்ற சேதியைக் கேட்கிறவளின் முகம்.

பஸ் நிறுத்தம்வரை கயல்விழியும் நடந்தாள். சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு அங்கே வெந்துகொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது.

"உள்ள நொழஞ்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. இல்ல?"

ஜான்சி திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள்.

"அந்தப் படத்துக்குப் பின்னால மாடம் மாதிரி ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மேற்குச் சுவரில் உயரமாக, வளைவு வைத்த பெரிய மாடம். உள்ளே இருட்டாக இருக்கும். படம் மாட்ட இடம் தேடியபோது, இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கயல்விழியும் சொன்னாள்.

"அது மாடம் இல்லக்கா. கட்டடம் மூச்சு வுடற மூக்கு. அதுக்குப் பின்னால கூரைக்கு மேல வரைக்கும் பொகக்கூண்டு மாதிரி ஒரு கூடு போவுது. வெயில்ல அந்தக் கூடு சுட்டா, கூடத்துல இருக்கற சூட்டுக் காத்த மேல இழுத்துக்கும். அது போனாத்தான் கெழக்கேருந்து கடக்காத்து உள்ள வரும். வெளிய போவ வழியில்லன்னா வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிடும்."

கயல்விழி நின்றுவிட்டாள். "அப்ப பலகைய எடுத்துட்டா…"

"எடுத்துட்டா சரியாயிடும். ஆனா யாரு எடுக்கறது? ஒருத்தரு அப்பா படம்க்கா அது. மால போட்டு வெளக்கு ஏத்தினது. என் கட்டடம் நல்லா இருக்கணும், உங்க அப்பாவக் கழட்டுங்கன்னு நான் போயி நிக்கட்டுமா?"

"உங்க தப்பு எதுவும் இல்லியே."

"தப்பு என்னோடதுதான்." அவள் குரலில் தன்னிரக்கம் இல்லை, கணக்கைச் சரிபார்க்கிறவளின் குரலாக இருந்தது. "நம்ம ஊருல இருக்கற நல்ல செவுத்துல, நல்ல எடத்துல, மாடம் மாதிரி வளைவு வச்சு ஒரு ஓட்டையக் கட்டிட்டு, அங்க யாரும் படம் வைக்கமாட்டாங்கன்னு நான் எப்பிடி நெனச்சேன்? வைப்பாங்க. வைக்கணும். ஜெயப்பிரகாஷ் சார்கிட்ட அப்பவே சொன்னேன். ஆனா அவரு அப்பா போன துக்கத்துல இருந்தாரு, தலய தலய ஆட்டினாரு. திரும்ப ஒருக்கா சொல்லியிருக்கணும்."

"எல்லாரும் உங்களுக்குக் காத்து ரத்தத்துலயே இருக்குங்கறாங்க. கடக்கரக்காரங்கன்னு."

ஜான்சி சிரித்துவிட்டாள். "எங்கப்பா கடல்லேருந்து வந்தா மொத வேலயா கதவச் சாத்திட்டு ஃபேனப் போட்டுட்டுப் படுத்துடுவாரு. நான் காலேஜ்ல அரியர் வச்சுப் படிச்சதுக்கா இது." பஸ் வெளிச்சம் தெரிந்தது. "கூரையில வேற எடத்துல ஒரு வழி வைக்க முடியுமான்னு பாக்கறேன். நாளாவும். நீங்க எதுவும் சொல்லி வேலைக்கு ஆபத்து தேடிக்காதீங்கக்கா."

நாளாகும். திங்கட்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை முழுக்க கயல்விழி தன்னுடன் வாதாடினாள். சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள் அழகாக வரிசையில் வந்து நின்றன. பெரியவர்மேல் மரியாதை, முதலாளியின் மனசு, தன் வேலை. எல்லாம் நியாயம்தான். அதில் எதுவும் நிஜமில்லை என்றும் தெரிந்தது. படத்தைப் பற்றிப் பேசினால் தன்னைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில் ஜெயப்பிரகாஷ் வீட்டுக்குப் போனாள். அவருடைய அம்மா கொளஞ்சியம்மாள் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா கயலு. கை சும்மா இருந்தா இதுல பாதிய எடுத்துக்க," என்று முறத்தை நகர்த்தினாள். கீரை உருவிக்கொண்டே பேசுவது சுலபமாக இருந்தது. மாடத்தையும் கூட்டையும் ஜான்சி சொன்னபடியே சொன்னாள்.

ஜெயப்பிரகாஷ் முகம் இறுகியது.

"எங்கப்பா படத்தாலதான் எல்லாருக்கும் புழுங்குதுன்னு சொல்ல வர்றியா?"

"படத்தால இல்ல சார். இருக்கற எடத்தால."

"அந்தம்மா சொல்லி அனுப்பினாங்களா?"

"சொல்லவேணாம்னுதான் சொன்னாங்க. நான் எனக்காகத்தான் வந்தேன்." கை கீரையிலேயே இருந்தது. "பழைய ஆபீஸ்லேருந்து வீட்டுக்குப் போனா, நான் நல்லா இருக்கமாட்டேன் சார். எதுக்கெடுத்தாலும் கத்துவேன். என் கொணமே அதுதான்னு நெனச்சேன். தையிலேருந்து அது இல்ல. யாரும் எதுவும் பண்ணல, வெளிச்சமும் காத்தும் வந்துச்சு, அவ்வளவுதான். இப்ப திரும்ப வந்திடுச்சு. நாளைக்கு ஏசி போட்டா குளுரும். தெரியும். ஆனா மழ பேயுதான்னு தெரியாம, வெளிய இருட்டிடுச்சான்னு தெரியாம, திரும்பவும் அப்பிடி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு."

இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. தங்கராசுவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். ஆச்சரியமாக, நெஞ்சு லேசாக இருந்தது.

அவர் திரும்பாமலேயே பேசினார்.

"ஏன் அங்க மாட்டினேன்னு தெரியுமா கயல்? அந்தப் பாத்திரக்கடை மாடியில முப்பது வருஷம் உக்காந்தவரு. கடைசில மூச்சு இழுக்கும், அப்பவும் அங்கதான் உக்காருவாரு. புதுசு கட்டினதே அவருக்காகத்தான், பாக்காம போயிட்டாரு. படம் வந்தன்னிக்குக் கூடம் பூரா நடந்து பாத்தேன். அந்த மாடத்துகிட்ட நின்னாத்தான் காத்து அப்பிடிப் போச்சு. சட்டை படபடன்னு அடிச்சுது. அப்பா இங்க இருக்கட்டும்னு…"

முடிக்கவில்லை. கயல்விழிக்கு அப்போதுதான் புரிந்தது. காற்று மிக நன்றாக இருந்த இடத்தைத் தேடி, அன்பினால் அதை அடைத்திருக்கிறார்.

கொளஞ்சியம்மாள் கீரைக்காம்பை ஓரமாக ஒதுக்கினாள்.

"மால போட்ட படத்த எடுத்துத் தரையில வைக்கக்கூடாது. ஒரு செவுத்துலேருந்து இன்னொரு செவுத்துக்கு மாத்தலாம்," என்றாள். "அந்த மனுஷன் இருந்திருந்தா, தள்ளி மாட்டுடா, புள்ளைங்களுக்குக் காத்து வரட்டும்னு அவரே ஸ்டூலப் போட்டு ஏறியிருப்பாரு. இந்த வயசுல ஏறாதன்னு நான் கத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

"எங்க மாட்டறதும்மா?"

"சாப்புடற எடத்துல மாட்டு. தனியா சாப்புட்டா அவருக்கு எறங்காது."

திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும் ஜெயப்பிரகாஷ் தானே ஸ்டூலில் ஏறினார். பாலகுமாரும் இன்னும் இரண்டு பேரும் பலகையைத் தாங்கினார்கள். ராணியம்மாளுக்கு மனசே இல்லை. "ஐயா கோச்சுக்கப்போறாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டு அறைச் சுவரைத் துடைத்தாள். மாடம் திறந்ததும் உள்ளேயிருந்து கொஞ்சம் தூசியும் ஒரு சிலந்தி வலையும்தான் வந்தன. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏசிக்காரர்கள் வந்து டீ குடித்துவிட்டு அளவு நாடாவை விரித்தார்கள். "மத்தியானம் வரைக்கும் இருங்க," என்றார் ஜெயப்பிரகாஷ். கயல்விழி அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

வெயில் ஏற ஏறத்தான் அது வந்தது. முதலில் மேசை மேலிருந்த காகிதங்களின் ஓரம் எழுந்தது. பிறகு யாருடைய துப்பட்டாவோ நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் புன்னை இலைகள் வெளுத்துப் புரண்டன. கடலின் உப்பு வாசனை கூடத்தை நீளமாகக் கடந்து, மேற்குச் சுவரில் இருந்த அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஏசிக்காரர்களில் மூத்தவர் மாடத்தின் அடியில் போய் நின்று, சட்டை அடிப்பதைப் பார்த்துவிட்டு, "இத மூடவா சார் கூப்புட்டீங்க?" என்று கேட்டார். கணினி அறை ஏசியை மட்டும் சர்வீஸ் செய்துவிட்டுப் போனார்கள்.

மதியம் சாப்பாட்டு அறையில் பாலகுமார் முதல் கவளத்தை வாயில் வைக்கும் முன் சுவரைப் பார்த்தான்.

"போச்சு. இனிமே முதலாளியப் பத்தி ஒரு வார்த்த பேச முடியாது. அப்பாவையே உக்கார வச்சுட்டாங்க."

"பேசேன். அவரும் சேந்துதான் பேசுவாரு," என்றாள் ராணியம்மாள். அவளே சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கணினியை அணைத்தபோதுதான், மத்தியானத்துக்கு அப்புறம் காற்றைப் பற்றித் தான் நினைக்கவே இல்லை என்பதைக் கயல்விழி கவனித்தாள். யாருமே நினைக்கவில்லை. குனிந்து பில் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், டீயில் சர்க்கரை பத்தவில்லை என்றார்கள். ஜான்சி கட்டியது இதைத்தான் என்று தோன்றியது. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒரு சுகம். அதற்குள் உட்கார்ந்து ஒரு மனுஷி தன் சொந்தக் குணத்தோடு இருந்துவிட்டுப் போகலாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஜான்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சார் ரொம்ப வருத்தப்பட்டாராக்கா?"

"பட்டாரு. அப்புறம் மத்தியானம் அப்பா படத்துக்கு எதிரிலயே உக்காந்து சாப்புட்டாரு. ரெண்டாந்தடவ சோறு வாங்கினாரு."

"அது போதும்." பென்சிலோ பேனாவோ காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. "விருத்தாசலத்துல ஒரு ஆபீஸ் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். அதுல படம் மாட்டறதுக்குன்னே ஒரு நல்ல செவுரு வுடலாம்னு பாக்கறேன். வேல செய்யற எடத்துலயா, சாப்புடற எடத்துலயா? நீங்க சொல்லுங்க, எங்க வுடட்டும்?"

தன்னை யாரும் இதுவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பஸ் பரவனாற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை கயல்விழி யோசித்தாள்.

"மொதல்ல காத்துக்கு வாசல் எந்தப் பக்கம்னு சொல்லுங்க," என்றாள்.